இரண்டு தடவை உப்புப் போட்ட புளியாணம்

போன தவக்காலத்தில் நான் மட்டக்களப்புக்குப் போனதற்குக் காரணம் ஒரு குழம்பு. குழம்பு என்று எழுதினாலே அந்த ஊரில் திருத்துவார்கள், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இந்த வலைப்பூவை முன்பே படித்தவர்களுக்கு என் மகன் பிரவீனைத் தெரியும். ஆட்டுக்கால் பாயா பதிவில் தெரிகிற கைகள் அவனுடையவை. புதிதாக வந்தவர்களுக்கு: நான் செலின், திண்டுக்கல்காரி, வீட்டில் சமைத்து இங்கே எழுதுகிறவள். பிரவீன் எனக்கு ஒரே பிள்ளை. கத்தாரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். அதே ஓட்டலில் கணக்குப் பிரிவில் இருந்த மட்டக்களப்புப் பெண் டிலானியைப் போன வருஷம் திண்டுக்கல்லில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான்.

டிலானியின் அம்மா ரஞ்சினி பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவருக்கும் டிலானி ஒரே பிள்ளை. கல்யாணத்துக்கு வந்து நாலு நாள் தங்கிப் போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவர் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ். அப்படியிருந்தும் எனக்குப் பாதிதான் புரிகிறது என்று ஒத்துக்கொள்ள வெட்கம். புரியாத இடத்தில் எல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். சம்பந்தியிடம் ஆமாம் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரும் திண்டுக்கல் வந்தார்கள். டிலானிக்கு அவள் ஊர் மீன் புளியாணத்தின் மேல் ஆசை. நான் ரஞ்சினிக்குப் போன் போட்டுச் செய்முறை கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, அப்படியே வைத்தேன். அந்தப் பெண் ஒரு வாய் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். இன்னொரு சொம்பு தண்ணீர் குடித்தாள். "நல்லா இரிக்கி மாமி" என்றாள். பிரவீன் ருசி பார்த்துவிட்டு, "அம்மா, இதுல கடல் தண்ணியவா ஊத்துனீங்க?" என்று கேட்டான்.

முப்பது வருஷமாகச் சமைக்கிறேன், உப்பில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. சம்பந்தி வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. சில பெண்கள் தங்கள் ருசியை அடுத்தவருக்குத் தர மாட்டார்கள், அப்படி இரண்டு பேரை எனக்கே தெரியும். நேரில் போய் அவர் கையைப் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, வரவில்லை. "ஒரு கொழம்புக்குக் கப்பல் ஏறுறியா?" என்று மட்டும் கேட்டார்.

கப்பல் இல்லை, விமானம். விசா இணையத்திலேயே வாங்கலாம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான். போய்வர எனக்குப் பதினான்காயிரம் இந்திய ரூபாய் ஆனது. முன்கூட்டியே எடுத்தால் குறையும் என்கிறார்கள். கொழும்பில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் கிளம்பிய ரயிலைப் பிடித்தேன். இரண்டாம் வகுப்பு, முன்பதிவோடு சுமார் இரண்டாயிரம் இலங்கை ரூபாய். பேருந்து சீக்கிரம் போகும், ஆனால் ரயிலில்தான் தின்பண்டம் வரும். எனக்கு அது முக்கியம்.

மாகோ என்ற ஸ்டேஷன் தாண்டியதும் ஒருவர் "இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே" என்று கூவிக்கொண்டு வந்தார். இஸ்ஸோ என்பது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து வாங்கினேன். பருப்பு வடையின் தலையில் முழு இறால் ஒன்று மீசையோடு உட்கார்ந்திருந்தது. இஸ்ஸோ என்றால் சிங்களத்தில் இறாலாம். இறாலை வடைக்கு உள்ளே வைக்காமல் மேலே ஏன் வைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நாலு தின்றேன். உள்ளே வைத்தால் வெந்து ரப்பராகிவிடும், மேலே வைத்தால் எண்ணெயில் மொறுமொறுவென்று வருகிறது. வீட்டில் செய்து பார்த்தேன், மீசை கருகிவிட்டது. இன்னும் பிடிபடவில்லை.

பொலன்னறுவைக்கு அப்பால் வயல்கள் தொடங்கின. அறுவடை நேரம், வரப்பெல்லாம் ஆட்கள். மூன்று மணி வாக்கில் மட்டக்களப்பு. ரஞ்சினி ஸ்டேஷனுக்கே ஆட்டோவோடு வந்திருந்தார். "வாங்க அக்கா, களைச்சுப் போனீங்களா?" என்று பையை வாங்கிக்கொண்டார். வீடு கல்லடியில், பாலம் தாண்டி. ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். பாலத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். "இதுதான் எங்கட ஆறு" என்றார். அக்கரை சரியாகத் தெரியாத ஒன்றை எப்படி ஆறு என்று சொல்வது? புத்தகத்தில் வாவி, அதாவது கடலோடு சேர்ந்த காயல், என்று போட்டிருக்கிறது. வாவியில் பிடிப்பது ஆற்று மீன், அதற்கு அந்தப் பக்கம் பிடிப்பது கடல் மீன். நான் வைகையையும் மஞ்சளாற்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஆற்று மீன் என்று கேட்டு வாங்கிச் சமைத்ததே முதலிலிருந்து தப்பு. இரண்டு தண்ணீரும் கலந்த இடத்து மீன் அது.

அன்று மாலை அவர் கேட்டார்: "அக்கா, நாளைக்கி விடிய உங்களுக்குப் பாண் காணுமா?"

எனக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கிடையாது. அதுவும் விடிந்ததும். "இல்லைங்க, நான் பான் போட மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "மறுகா என்ன சாப்பிடுவீங்க? இடியப்பம் அவிக்கட்டா?" என்றார். எனக்குத் தலை சுற்றியது. இன்னும் ஒரு இடியப்பம்கூடத் தின்னவில்லையே, மறுக்கா என்கிறாரே. மறுநாள் காலையில்தான் விளங்கியது, பாண் என்பது ரொட்டி. பேக்கரி ரொட்டி. காணுமா என்றால் போதுமா. கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. செய்முறை கேட்டபோது "புளி காணுமோ எண்டு பாருங்க" என்று அவர் சொன்னதும், நான் சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கரைந்துபோன புளியைத் தேடியதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை வாவிக்கரையில் மீன் வாங்கினோம். விரல் நீளத்து மணலை மீன், இன்னும் வால் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் மீனைக் கழுவித் தர, நான்தான் அடுப்பில் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்வது என்று ஏற்பாடு. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்துக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, மஞ்சளோடு புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும். தேங்காய் கிடையாது. கெட்டியாக வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், அது தண்ணீராகவே கொதித்தது.

"இது கொழம்பா ரசமாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல. இது ஆணம்."

"அதான், ஆணம்னா என்னா? கொழம்பா, ரசமா?"

"ஆணம் எண்டா ஆணம்தான் அக்கா."

ஊர் திரும்பி அகராதியைப் பார்த்தேன். ஆணம் என்றால் குழம்பு என்றுதான் போட்டிருக்கிறது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் இல்லை.

கொதி வந்ததும் உப்புப் போடச் சொன்னார். போட்டேன். ருசி பார்த்தார். "உப்புக் காணும். மறுகா..." என்று சொல்லிக்கொண்டே கறிவேப்பிலை ஒடிக்கக் கொல்லைப் பக்கம் போனார். உப்புப் போதும் என்கிறார், மறுக்காவும் என்கிறார், எனக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொதித்தால் உப்புக் குறையுமோ, வாவி மீன் உப்பை இழுக்குமோ, அது அந்த ஊர் முறையோ என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டேன். கறிவேப்பிலையோடு உள்ளே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா செய்யிறீங்க?"

"நீங்கதான மறுக்கா போடச் சொன்னீங்க."

"நான் எங்க சொன்னன்? மறுகா கறிவேப்பிலை எண்டு சொல்ல வந்தன்."

"மறுக்கான்னா மறுபடியும்தான?"

"மறுகா எண்டா பிறகு. அதுக்குப் பிறகு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். திண்டுக்கல்லில் எழுதி வைத்த செய்முறை முழுக்க மறுகா. மீனுக்கு உப்புப் பிரட்டி வைங்க, மறுகா புளி விடுங்க, மறுகா உப்புப் பாருங்க. நான் ஒவ்வொரு மறுகாவுக்கும் எல்லாவற்றையும் இன்னொரு தடவை போட்டிருக்கிறேன். ரஞ்சினிக்குச் சிரிப்பு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் வந்தது. அந்தச் சட்டியைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாக வைத்தோம். மீனைக் கடைசியில் போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் முதலில் புளிப்பு நாக்கில் விழுகிறது, மிளகு பிற்பாடுதான் தொண்டையில் வருகிறது. டிலானி ஏன் ஏங்கினாள் என்று புரிந்தது. ரஞ்சினி மேல் சந்தேகப்பட்டதை நினைத்து மூன்றாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

வந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாலை வெயில் இறங்கியதும் ரஞ்சினி, "வாங்க அக்கா, வீட்டக் காட்டுறன்" என்று வீட்டைச் சுற்றியிருந்த வளவின் மறுகோடிக்குக் கூட்டிப் போனார். வாவியைப் பார்த்தபடி ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது, கூரைதான் இல்லை.

"மகனுக்கு எந்தப் பக்கம் அறை விருப்பமா இரிக்கும்? ஆத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

"அவனுக்கு எந்தப் பக்கம் இருந்தா என்னாங்க? வந்தா நாலு நாள் படுத்து எந்திரிச்சுட்டுப் போறவன்."

"நாலு நாளா? லீவு அவ்வளவுதானா?"

"லீவுதான் அவ்வளவு. அடுத்த வருசம் ரெண்டு பேருக்கும் கத்தார் வேலை முடியுதுல்ல, அப்புறம் ஊருக்கு வந்துருவாங்க."

"ஓம், அதத்தான் நானும் சொல்லுறன். ஊருக்கு வருவாங்க. அதுக்குத்தானே வீடு."

அவர் ஊர் என்றது இந்த ஊரை. நான் சொன்னது திண்டுக்கல்லை. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் மாடியில் அவர்களுக்கு ஒரு அறை கட்டி, டிலானிக்குப் பிடிக்குமென்று இளம்பச்சை வண்ணமும் அடித்துவிட்டோம். அதைச் சொன்னேன். ரஞ்சினி குழம்பிப்போய், "மேல அறையா? டிலானி என்னத்துக்கு அங்க வாறா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"கல்யாணம் பண்ணிக் குடுத்தா பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குத்தானங்க வரணும்?"

"எங்கட ஊர்ல பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள வீட்டோடதானே இரிப்பார், வேற எங்க இரிக்கிற? டிலானிட அப்பாவும் அப்பிடித்தான் எங்கட வீட்டுக்கு வந்தவர். உங்களிட்டக் கேட்டுட்டுத்தானே அக்கா அத்திவாரம் போட்டன்."

"என்கிட்ட எப்பக் கேட்டீங்க?"

"போன்ல. மகன் மறுகா இஞ்ச வந்து இரிக்கட்டுமா எண்டு கேட்டன். தாராளமா இரிக்கட்டும் எண்டீங்க."

சொன்னேன். அந்தப் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுக்கா ஒரு தடவை வந்து தங்கிவிட்டுப் போகட்டும் என்று பாசமாகக் கேட்கிறார் என்று நினைத்து, இதற்கெல்லாம் அனுமதி கேட்பார்களா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்பதை எங்கள் பக்கம் திட்டாகத்தான் சொல்வார்கள். நான் என் ஒரே பிள்ளையைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன். அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் சேமிப்பைப் போட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்.

திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தோம். ரஞ்சினி ஒன்றே ஒன்று சொன்னார்: "எனக்கும் ஒண்டுதான் அக்கா. இல்ல எண்டா கூரை போட முதல் சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டன்." நான் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். திண்டுக்கல்லுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "கொழம்பு கேக்கப் போன எடத்துல புள்ளையக் குடுத்துட்டு வந்துருக்கியே" என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் அந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை. உன்னிச்சைக் குளம் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி ஆட்டோ பிடித்தேன். ஊரிலிருந்து கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஓட்டுநர் போய்வரக் காத்திருப்போடு ஏழாயிரம் ரூபாய் கேட்டார், கொடுத்தேன். போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. வழியெல்லாம் வயல்தான். வட்டை வட்டையாக நெல் என்றார் ஓட்டுநர். ஒரு வெளி முழுவதும் சேர்ந்தது ஒரு வட்டையாம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன்.

"பிறந்தது வெல்லாவெளி. கலியாணம் கட்டி இஞ்ச கல்லடிக்கு வந்தன்."

"நீங்களா வந்தீங்க?"

"ஓம். அவட வீடு இஞ்சதானே."

"அப்ப உங்கம்மா?"

"அவ வெல்லாவெளியில, தங்கச்சிட வீட்டுல இரிக்கா. தங்கச்சிட மாப்பிள நல்ல மனிசன், ஒரு கரைச்சலும் இல்ல."

கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுக் கேட்டேன். "பொண்ணே இல்லாத அம்மாவா இருந்தா?"

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது தெரியாம்மா" என்றார். "அவங்க மகன்ட்டப் போய்ப் போய் வருவாங்க. மருமகள் சரியா இரிந்தா அங்கயே இரிந்திருவாங்க. எனக்குச் சரியாச் சொல்ல ஏலா."

உன்னிச்சைக் குளம் பெரியது. அழகானது என்றும் எழுத வேண்டும், ஆனால் அன்று நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வழிக் கடையில் மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கிச் சீனி தூவிக் குளக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்தி வைத்து வெட்டலாம், அவ்வளவு கெட்டி. பாதியில் வைத்துவிட்டுப் பிரவீனுக்குப் போன் போட்டேன். அவன் வேலை இடைவேளையில் இருந்தான். நீ எங்கேடா இருக்கப் போகிறாய் என்று நேராகவே கேட்டேன்.

"ரெண்டு அம்மாகிட்டயும் சரின்னுதான்மா சொன்னேன்" என்றான்.

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். திட்டி முடித்ததும், "அவங்க சொன்னது, நான் சொன்னது எல்லாத்தையும் விடு. உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"அங்க ஒரு கடை போடலாம்னு நெனைக்கிறோம்மா. சின்னதா. நம்ம சீரகச் சம்பா பிரியாணி அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. டிலானி கணக்கு பாப்பா, நான் சமைப்பேன். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்."

நான் சொல்லிக்கொடுத்த பிரியாணி. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் தம் போடும்போது சட்டியின் மூடியைத் திறக்காமல் இருக்கச் சொல்லிக் கையில் அடித்திருக்கிறேன். அவன் அதை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறேன் என்கிறான். பெருமைப்படுவதா, அழுவதா, இன்னும் கொஞ்சம் திட்டுவதா என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மீதித் தயிரை ஓட்டுநர் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பும் நாள். காலையில் வளவில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மேசன் பாஸ் தன் மட்டப்பலகையையும் கரண்டிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கொத்தனாரை அப்படித்தான் சொல்கிறார்கள். ரஞ்சினி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமை, இறைச்சி தொட மாட்டேன் என்று எனக்காக மீன் வாங்கி வந்து கொல்லையில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார்.

நான் அந்த வீட்டுக்குள் போனேன். மூன்றாவது அறை குசினி, அதாவது சமையலறை. ஜன்னல் வாவியைப் பார்க்கிறது. அடுப்பு மேடைக்குச் செங்கல் வரிசை பாதி எழும்பி நின்றது, முழு உயரத்துக்குச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"இது யாரு அளவு?" என்று மேசன் பாஸைக் கேட்டேன்.

"டீச்சர்ட அளவு. மகளுக்கும் அதே உயரம்தானே."

"டிலானி சமைக்க மாட்டா. அவளுக்குச் சுடுதண்ணியே ஒழுங்கா வைக்க வராது. அவன்தான் சமைப்பான். அவன் என்னவிட ஒரு சாண் உசரம். இந்த மேடையில நின்னு வெங்காயம் வெட்டுனான்னா ரெண்டு வருசத்துல இடுப்பு போயிரும்."

கீழே கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். பிரவீன் திண்டுக்கல்லில் எங்கள் மேடையில் எப்படிக் குனிந்து நிற்பான் என்று நினைத்துப் பார்த்து, என் இடுப்புக்கு மேலே நாலு விரல் வைத்து, சுவரில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். கோடு கோணலாகத்தான் வந்தது. "இதுக்கு ஏத்துங்க" என்றேன்.

மேசன் பாஸ் எனக்குப் பின்னால் பார்த்தார். மீன் கையோடு ரஞ்சினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அக்கா சொன்ன உயரத்துக்கு வைங்க பாஸ்" என்றார்.   மேசன் பாஸ் சாக்கை அவிழ்த்தார். மத்தியானம் புளியாணத்தை நான்தான் வைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மழை குறைவு, நல்ல நேரம். ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். மீன் வாங்க விடிந்ததும் போங்கள். கறி என்று சொன்னால் ஆட்டுக்கறி என்று நினைக்காதீர்கள், கத்தரிக்காயும் அங்கே கறிதான். அந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீனைக் கேட்டாயா என்று எனக்கு யாரும் எழுத வேண்டாம், எனக்கு இருந்த குழப்பத்தில் மீன் பாடியிருந்தாலும் புரிந்திருக்காது. புரியாத வார்த்தை வந்தால் வெட்கப்படாமல் நிறுத்திக் கேட்டுவிடுங்கள். ஒரே பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். அடுத்த வருஷத்திலிருந்து நான் அடிக்கடி மட்டக்களப்பு போக வேண்டியிருக்கும். மகன் வீட்டுக்கு என்று முதலில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். டிலானி வீட்டுக்கு. அங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும், நானும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.